ஆபீஸ் சிஸ்டத்துக்கு ஸ்மார்ட் கார்டு: புதிதாகக் கேட்பவர்களுக்கு

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம், கோவை கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனி, பெருந்துறை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை. எதை எடுத்துக்கொண்டாலும் சரி, அக்கவுண்ட்ஸ் பிரிவின் மேஜை டிராயரில் பென்டிரைவ் மாதிரி ஒன்று கிடக்கும். ஜிஎஸ்டி தாக்கல், கம்பெனி பதிவாளரிடம் போகும் படிவங்கள், வெளிநாட்டு வர்த்தக அலுவலகத்தின் இணையதளம், அரசு டெண்டர் என்று முதலாளியின் டிஜிட்டல் கையொப்பம் தேவைப்படும்போதெல்லாம் அதை எடுத்துச் சொருகுவார்கள். நம் பக்கம் எல்லோரும் சொல்வது டிஎஸ்சி டோக்கன். டிஎஸ்சி என்றால் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்.

அதைப் பென்டிரைவ் என்று நினைத்துத்தான் பலர் கையாளுகிறார்கள். ஆனால் அதற்குள் இருப்பது ஒரு ஸ்மார்ட் கார்டு சிப். பிளாஸ்டிக் அட்டைக்குப் பதிலாக யூஎஸ்பி கூட்டுக்குள் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். செல்போனில் போடும் சிம் கார்டும், ஏடிஎம் கார்டில் தங்க நிறத்தில் மின்னும் சதுரமும் இதே குடும்பம். ஆக, ஸ்மார்ட் கார்டு என்பது நமக்குப் புதுப் பொருளே அல்ல. அதை வைத்து ஆபீஸ் கம்ப்யூட்டரையும் நெட்வொர்க்கையும் காப்பாற்றலாம் என்பதுதான் பலருக்குப் புதுச் செய்தி. அதைத்தான் இங்கே அடியிலிருந்து விளக்கப் போகிறேன்.

பாஸ்வேர்டில் என்ன குறை?

பாஸ்வேர்டு என்பது ஒரு ரகசியம். ஆனால் ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் அந்த ரகசியத்தையே எடுத்து நீட்ட வேண்டியிருக்கிறது. விரல் தட்டுவதைப் பின்னால் நிற்பவர் பார்க்கலாம். சிஸ்டத்தில் வைரஸ் இருந்தால் தட்டிய எழுத்தை அது பதிவு செய்துகொள்ளலாம். போலிப் பக்கத்தில் தட்டினால் ரகசியம் நேராகத் திருடன் கைக்குப் போய்விடும். எடுத்துவிட்டார்கள் என்பதே நமக்குத் தெரியாது, ஏனென்றால் நம்மிடமும் அது அப்படியே இருக்கிறது. பீரோவில் பணம் காணாமல் போனால் அன்றைக்கே தெரிந்துவிடும். பாஸ்வேர்டு போனால் மாதக்கணக்கில் தெரியாது.

இந்தப் பகுதி ஏற்றுமதியாளர்களுக்கு இதன் வலி நன்றாகவே தெரியும். ஆர்டர் வேலையைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு ஒரு மெயில் வரும்: 'உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே லாகின் செய்யுங்கள்.' அவரும் ஷிப்மெண்ட் அவசரத்தில் தட்டிவிடுவார். திருடன் உடனே எதுவும் செய்ய மாட்டான். உள்ளே உட்கார்ந்து பையரோடு, அதாவது சரக்கு வாங்கும் நிறுவனத்தோடு, நடக்கும் கடிதப் போக்குவரத்தைப் படித்துக்கொண்டே இருப்பான். இன்வாய்ஸ் போகிற வாரத்தில், அதே பெயரில், அதே நடையில், 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தைப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள்' என்று பையருக்கு ஒரு மெயில் போகும். சரக்கு போய்ச் சேர்ந்திருக்கும், பணம் மட்டும் வேறெங்கோ போயிருக்கும். ஒரு சீசன் முழுக்க ராத்திரி பகலாகத் தைத்ததற்குக் கிடைக்க வேண்டிய பணம் அது. தையல்காரர் கூலி, டையிங் பாக்கி, நூல் பாக்கி எல்லாம் அதில்தான் அடங்கியிருக்கும்.

'பாஸ்வேர்டைக் கஷ்டமாக வையுங்கள், மாதா மாதம் மாற்றுங்கள்' என்று சொல்லி இதைத் தீர்க்க முடியாது. கஷ்டமாக வைத்தால் எழுதி ஒட்டுவார்கள். மாதா மாதம் மாற்றச் சொன்னால் கம்பெனிப் பெயருக்குப் பின்னால் 1, 2, 3 என்று போடுவார்கள். குறை ஆட்களிடம் இல்லை. ரகசியத்தை வெளியே எடுத்து நீட்டித்தான் நாம் யாரென்று நிரூபிக்க முடியும் என்ற முறையிலேயே இருக்கிறது.

கார்டுக்குள் என்ன நடக்கிறது

ஸ்மார்ட் கார்டு இந்த முறையைத்தான் மாற்றுகிறது. அதன் சிப்பில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரே இருக்கிறது: கணக்குப் போட ஒரு பிராசசர், கொஞ்சம் நினைவகம், தனக்கென்று ஒரு இயங்குதளம். தங்கச் சதுரத்தை உற்றுப் பார்த்தால் கோடுகளால் பிரிந்த சிறு கட்டங்கள் தெரியும். ஒன்று மின்சாரம் வாங்க, ஒன்று கிரவுண்டு, ஒன்று கடிகாரத் துடிப்பு, ஒன்று ரீசெட், ஒன்று தகவல் போக வர. கார்டுக்கு பேட்டரி கிடையாது. கார்டைப் படிக்கும் ரீடரில் சொருகிய கணத்தில்தான் அது உயிர் பெறுகிறது.

கார்டை முதலில் தயார் செய்யும்போது அந்தச் சிப் தனக்குள்ளேயே இரண்டு சாவிகளை உண்டாக்கிக்கொள்ளும். சாவி என்றால் பெரிய எண்தான். பரவலாகப் பயன்படும் ஆர்எஸ்ஏ முறையில், 2048 பிட் சாவியின் எண் 617 இலக்கம் நீளம் போகும். இரண்டில் ஒன்று பொதுச் சாவி, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இன்னொன்று தனிச் சாவி. அது கார்டை விட்டு வெளியே வரவே வராது. 'அதைக் கொடு' என்று கேட்க ஒரு கட்டளையே அந்தச் சிப்பில் வைக்கப்படவில்லை. முதலாளி கேட்டாலும் கொடுக்காது, சிஸ்டம் அட்மின் கேட்டாலும் கொடுக்காது. சிப்பைச் சுரண்டிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்காக, வெளிச்சம் பட்டாலோ மின்னழுத்தம் மாறினாலோ உணர்ந்துகொள்ளும் காவல்களையும் உள்ளே வைத்துத் தயாரிக்கிறார்கள்.

வெளியே வராத சாவியை வைத்து எப்படி நிரூபிப்பது? இதுதான் மொத்த விஷயத்தின் மையம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நீங்கள் கார்டைச் சொருகிப் பின் நம்பர் போடுகிறீர்கள். சர்வர், அந்தத் தருணத்துக்கென்றே உருவாக்கிய ஒரு எண்ணை அனுப்புகிறது. கார்டு அந்த எண்ணை உள்ளே வாங்கி, தனிச் சாவியோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, விடையை மட்டும் வெளியே தருகிறது. சர்வரிடம் உங்கள் பொதுச் சாவி இருக்கிறது. அதை வைத்து விடையைச் சரிபார்க்கிறது. ஒத்துப்போனால் 'இந்தக் கார்டேதான்' என்று உள்ளே விடுகிறது. பொதுச் சாவியை வைத்து விடை சரியா என்று பார்க்க முடியும், ஆனால் அதிலிருந்து தனிச் சாவியைக் கண்டுபிடிக்க இன்றைய கம்ப்யூட்டர்களால் முடியாது. ஆபீஸ் சிஸ்டங்களை எல்லாம் ஒரே சர்வரின் கட்டுப்பாட்டில் வைக்கும் விண்டோஸ் டொமைனில், சர்வர் அனுப்பும் எண்ணுக்குப் பதிலாக அந்த நேரத்தைக் குறித்து, அதன்மேல் கார்டு கையொப்பம் போடும். தத்துவம் ஒன்றுதான்.

கண்ணபுரத்திலும் அந்தியூரிலும் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் பேசிய விலை யாருக்கும் தெரியாது, பேரம் படிந்தது மட்டும் தெரியும். நெட்வொர்க்கில் ஒட்டுக் கேட்பவனுக்கும் அதே கதிதான். ஆனால் சந்தையில் எதிராளிக்காவது விலை தெரிந்துவிடும். இங்கே சர்வருக்குக்கூட ரகசியம் தெரியாது. அதனால் சர்வரையே ஒருவன் கொள்ளையடித்தாலும் அவனுக்குக் கிடைப்பது பொதுச் சாவிகள்தான். அடுத்த முறை லாகின் செய்யும்போது எண் வேறு, விடை வேறு. நேற்றைய விடையைப் பிடித்து வைத்திருந்தாலும் இன்றைக்கு அது செல்லாக் காசு.

இதன் பலனை நம் நாடே ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறது. முன்பு ஏடிஎம் கார்டின் பின்பக்கம் இருந்த கறுப்புப் பட்டையில் தகவல் அப்படியே எழுதப்பட்டிருக்கும். உரசினால் போதும், நகல் எடுத்துவிடலாம். சிப் வைத்த கார்டு ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிதாக ஒரு குறியீட்டைக் கணக்கிட்டுத் தருகிறது. அதனால்தான் 2018 டிசம்பர் 31க்குள் பழைய பட்டைக் கார்டுகளை மாற்றிச் சிப் கார்டு கொடுக்கும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கெடு வைத்தது.

சிப் கார்டு என்ற யோசனைக்கு 1968ல் ஜெர்மனியில் டெத்லோஃபும் குரோட்ரூப்பும் காப்புரிமை கோரினார்கள். 1974ல் பிரான்சில் ரோலண்ட் மொரேனோ. அப்புறம் 1983ல் பிரெஞ்சு டெலிபோன் பூத்துகளில் அது புழக்கத்துக்கு வந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

பின் நம்பர் எதற்கு?

கார்டு மட்டும் இருந்தால், கீழே கிடந்ததை எடுத்தவனும் உள்ளே போய்விடலாம். அதற்காகத்தான் பின். கையில் இருக்கும் ஒரு பொருள், மனதில் இருக்கும் ஒரு எண், இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்.

புதிதாகக் கேட்பவர்கள் எல்லோருக்கும் இங்கே ஒரு சந்தேகம் வரும். 'பாஸ்வேர்டை 12 எழுத்து வைக்கச் சொல்லிவிட்டு, கார்டுக்கு மட்டும் வெறும் 6 இலக்கம் போதும் என்கிறீர்களே, எப்படிங்க?' நியாயமான கேள்வி. பின் நெட்வொர்க்கில் பயணம் செய்வதில்லை. கீபோர்டிலிருந்து கார்டுக்குப் போய் அங்கேயே நின்றுவிடும். சரியா தவறா என்று பார்ப்பதும் கார்டுதான். தவறாகப் போட்டால் அது குறித்து வைத்திருக்கும் வாய்ப்புகளில் ஒன்று குறையும். சில கார்டில் 3 முறை, சிலவற்றில் 5, சிலவற்றில் 10. அது தீர்ந்தால் கார்டு பூட்டிக்கொள்ளும். 6 இலக்கத்தில் மொத்தம் 10 லட்சம் எண்கள். அதில் 3 வாய்ப்பை வைத்துக்கொண்டு திருடனால் ஒன்றும் செய்ய முடியாது. சர்வரிலிருந்து திருடிய பாஸ்வேர்டுக் கோப்பில் அவன் தன் வீட்டில் உட்கார்ந்து நொடிக்குக் கோடிக்கணக்கில் முயன்று பார்க்கலாம். கார்டில் அந்த வித்தை பலிக்காது. ஆனால் பிறந்த தேதியையோ 123456ஐயோ வைத்தால் அந்த 3 வாய்ப்பே அவனுக்குப் போதும்.

டிஎஸ்சி டோக்கன் விஷயத்தில் நாம் செய்வது

இந்த இடத்தில் நான் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். நம் பகுதியில் டிஎஸ்சி டோக்கனைக் கையாளும் விதம் எனக்குப் பெரிய கவலை. முதலாளியின் டோக்கன் ஆடிட்டர் ஆபீஸில் ஒரு டப்பாவில் இருக்கும். அதன்மேல் கம்பெனிப் பெயரும் பின் நம்பரும் எழுதி செல்லோடேப் ஒட்டியிருக்கும். பக்கத்தில் இன்னும் முப்பது கம்பெனிகளின் டோக்கன்கள். ஆடிட்டர் நம்பிக்கையானவர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஆபீஸுக்கு வந்து போகிறவர்கள் எத்தனை பேர்? 617 இலக்க எண்ணைச் சிப்புக்குள் பூட்டி வைத்த அத்தனை உழைப்பும் ஒரு துண்டு செல்லோடேப்பில் வீணாகிவிடுகிறது.

சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 42வது பிரிவுப்படி, தனிச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள நியாயமான கவனம் எடுப்பது கையொப்பத்துக்கு உரியவரின் கடமை. அது கைமாறிவிட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டியதும் அவர்தான். அந்த டோக்கனில் போட்ட கையொப்பம் உங்கள் கையெழுத்துக்குச் சமம். 'நான் போடவில்லை, ஆபீஸ் பையன் போட்டான்' என்று பின்னால் சொல்லி நிரூபிப்பது லேசான காரியமில்லை.

டோக்கன் உங்களிடமே இருக்கட்டும். ஆடிட்டர் தாக்கல் செய்யும் நேரத்தில் போய்ப் பின்னை நீங்களே தட்டுங்கள், அல்லது பொறுப்பான ஒருவரைக் கையோடு அனுப்புங்கள். பல டோக்கன்கள் 12345678 என்ற ஆரம்பப் பின்னோடுதான் வருகின்றன. இதுவரை மாற்றவில்லை என்றால் டோக்கனோடு வந்த மென்பொருளைத் திறந்து இன்றைக்கே மாற்றிவிடுங்கள். பின்னை மாற்றும் பட்டனுக்கு அருகிலேயே சில மென்பொருள்களில் 'இனிஷியலைஸ்' என்று ஒன்று இருக்கும். அதைத் தொட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் சாவியும் சான்றிதழும் அழிந்துபோய், புதுச் சான்றிதழ் வாங்க வேண்டி வரும்.

கேட்டில் தேய்க்கும் கார்டு வேறு

'எங்கள் கம்பெனியில் ஏற்கெனவே கார்டு சிஸ்டம்தானுங்க' என்று பலர் சொல்வார்கள். கேட்டிலும் வருகைப்பதிவு மிஷினிலும் காட்டும் வெள்ளை அட்டையைச் சொல்கிறார்கள். அதில் பெரும்பாலானவை 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்யும் சாதாரண அட்டைகள். அதில் கணக்குப் போடும் சிப் கிடையாது. அருகில் கொண்டு போனால் தன் எண்ணை உரக்கச் சொல்லும், கேட்கும் யாருக்கும் சொல்லும். அந்த எண்ணை வேறொரு அட்டையில் பதிந்துவிட்டால் நகல் தயார். 13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் பழைய மைஃபேர் கிளாசிக் கார்டுகளின் பூட்டு முறையையும் 2008லேயே நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்கள். வருகைப்பதிவுக்கு அவை போதும். சர்வர் அறைக் கதவுக்கோ கம்ப்யூட்டர் லாகினுக்கோ அவற்றை நம்பக் கூடாது. வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இந்தக் கார்டுக்குள்ளேயே சாவி உருவாகி, உள்ளேயே கையொப்பம் போடுமா?' ஆமாம் என்றால் மேற்கொண்டு பேசலாம்.

ஆபீஸில் நிறுவுவது

விண்டோஸ் டொமைன் வைத்திருக்கும் நடுத்தர நிறுவனம் என்றால் ஸ்மார்ட் கார்டு லாகினுக்குத் தேவையானதில் பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இந்த வசதி உள்ளேயே உண்டு. ஒரு சர்வரில் சான்றிதழ் வழங்கும் சேவையை நிறுவ வேண்டும். 'இந்தப் பொதுச் சாவி இன்னாருடையது' என்று கம்பெனி கையொப்பமிட்டுக் கொடுக்கும் சிறு ஆவணம்தான் சான்றிதழ். அது கார்டில் ஏறும். அப்புறம் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒரு ரீடர், ஆளுக்கு ஒரு கார்டு. அதே கார்டை, வெளியிலிருந்து ஆபீஸோடு இணைக்கும் விபிஎன்னுக்கும் வைஃபைக்கும் பயன்படுத்தலாம். வீட்டிலிருந்தோ, மும்பையில் பையரைப் பார்க்கப் போன இடத்திலிருந்தோ ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வருகிறவர்களுக்கு இது மிகவும் அவசியம். வெளியிலிருந்து திறந்திருக்கும் வாசல் அதுதான்.

நிறுவும்போது இரண்டு விஷயத்தைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். கார்டு கொடுத்த பிறகும் பாஸ்வேர்டு லாகினை அப்படியே திறந்து வைத்திருப்பது முதலாவது. திருடனுக்குக் கார்டு எதற்கு? பழைய பாஸ்வேர்டு வழியிலேயே போவான். கார்டு பழகிய ஒரு மாதத்தில் அந்தக் கணக்குக்குக் 'கார்டு கட்டாயம்' என்ற குறியைப் போட்டுவிட வேண்டும். இரண்டாவது, கார்டை உருவினால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு. விண்டோஸில் அது இருக்கிறது, ஆனால் நாம் இயக்கி வைத்தால்தான் வேலை செய்யும். இது இல்லாவிட்டால், டாக்குமெண்டேஷனில் இருப்பவர் டீ குடிக்கக் கார்டோடு வெளியே போன பிறகும் திரை திறந்தே கிடக்கும். இதையே இன்னொரு விதமாகவும் பயன்படுத்தலாம்: கேன்டீன் கூப்பனும் கேட் அனுமதியும் அதே அட்டையில் இருந்தால், எழுந்து போகும்போது உருவாமல் போகவே முடியாது. பழக்கம் தானாக வந்துவிடும்.

திருப்பூர் யூனிட்டுகளுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. நிட்டிங், கட்டிங் பகுதிகளில் பறக்கும் பஞ்சு ரீடரின் வாய்க்குள் போய் அடையும். கார்டின் தொடுபுள்ளிகளிலும் படியும். அங்கே யூஎஸ்பி டோக்கனோ, தொடாமல் அருகில் காட்டினாலே வேலை செய்யும் வகையோ நல்லது. டையிங் பக்கம் ஈரமும் ரசாயன ஆவியும் இருக்கும் இடங்களுக்கும் இதே யோசனைதான். மேஜை ஆபீஸில் சாதாரண ரீடரே வருடக்கணக்கில் உழைக்கும்.

சரி, கார்டு தொலைந்தால்? பெரும்பாலும் முதலாளி கேட்கும் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்.

'ஏனுங்க தம்பி, பஸ்ஸுல விட்டுட்டு வந்துட்டா அன்னைக்கு வேலையே நின்னு போகுமுங்களா?'

'நிக்காதுங்கண்ணா. பழைய கார்டை ரத்து பண்ணிட்டு, அன்னைக்கே வேற கார்டு போட்டுக் கொடுத்துடலாங்க. எடுத்தவனுக்குப் பின் தெரியாது, அதனால ராத்திரியெல்லாம் பயந்துட்டு இருக்க வேண்டியதில்லைங்க.'

ரத்து என்றால், கம்பெனியின் சான்றிதழ் சர்வரில் அந்தக் கார்டில் இருக்கும் சான்றிதழின் எண்ணை ரத்துப் பட்டியலில் சேர்ப்பது. அந்தப் பட்டியலை மற்ற சிஸ்டங்கள் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறைதான் புதுப்பித்துக்கொள்ளும். அதனால் திருட்டு என்று சந்தேகம் இருந்தால் பட்டியலை மட்டும் நம்பாமல், அவர் கணக்கையும் உடனே முடக்கி வைக்க வேண்டும். வேலையை விட்டுப் போகிறவரின் கார்டும் அப்படியே: சம்பளப் பாக்கி வாங்கும் அன்றைக்கே கார்டும் திரும்ப வர வேண்டும், கணக்கும் மூட வேண்டும். சான்றிதழ் சர்வரே ஒருநாள் படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதற்காக, அவசரத்துக்கு ஒரே ஒரு அட்மின் கணக்கை நீளமான பாஸ்வேர்டோடு வைத்து, அதை உறையில் போட்டு அரக்கு வைத்து முதலாளியின் பெட்டகத்தில் பூட்டி வைப்பது நல்ல வழக்கம்.

கார்டால் முடியாதவை

கார்டு வாங்கியாயிற்று, இனிமேல் கவலை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கார்டு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே வந்தவர் இன்னார். வந்தவர் எந்த மெயிலைத் திறக்கிறார், எந்த ஃபைலைச் சொடுக்குகிறார் என்பதை அது பார்க்காது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ், நல்லபடி லாகின் செய்த ஆளின் கை வழியாகவே உள்ளே வரலாம். பேக்கப் எடுக்கும் வேலை எப்போதும்போல இருக்கத்தான் செய்கிறது.

கார்டை நாள் முழுக்க ரீடரிலேயே விட்டு வைப்பதிலும் ஆபத்து உண்டு. 2012ல் சைகிபாட் என்ற வைரஸின் ஒரு வகையைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஸ்மார்ட் கார்டுகளைக் குறிவைத்து எழுதியது அது. கீபோர்டில் தட்டும் பின்னைப் பதிவு செய்துகொள்ளும். கார்டு சொருகியிருக்கும் வரை பின்னணியில் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். சாவியைத் திருட அதனாலும் முடியவில்லை. ஆனால் சாவி உள்ளே இருக்கும் நேரத்தில் கையொப்பம் வாங்கிக்கொள்ள முடிந்தது. வேலை முடிந்ததும் உருவிவிட வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம். டிஎஸ்சி டோக்கனுக்கும் இது அப்படியே பொருந்தும்.

சிப்பிலேயே குறை வந்ததும் உண்டு. 2017ல், இன்ஃபினியான் நிறுவனச் சிப்புகள் சாவி உருவாக்கும் முறையில் ஒரு பிழை இருப்பதை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். எஸ்டோனியா நாட்டின் சுமார் 7.5 லட்சம் அடையாள அட்டைகள் அதில் மாட்டிக்கொண்டன. அந்த நாடு பாதிக்கப்பட்ட சான்றிதழ்களை முடக்கி, புதுப்பிக்க வேண்டியதாயிற்று. இப்படி நடந்தால் மாற்றிக்கொள்ள வழி வைத்திருக்கும் விற்பனையாளரிடம் வாங்குவதுதான் நமக்கு இதில் கிடைக்கும் பாடம்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, பயன் உண்டா என்றால் நிச்சயம் உண்டு. சைகிபாட் குறிவைத்த அதே அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, எல்லோரும் கார்டு வைத்துத்தான் லாகின் செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கிய பிறகு, தன் நெட்வொர்க்கில் வெற்றிகரமாக நடக்கும் ஊடுருவல்கள் 46 சதவீதம் குறைந்ததாக 2007ல் அதன் நெட்வொர்க் பொறுப்பிலிருந்த ஜெனரல் அறிவித்தார். பாதியைத் தடுக்கும் ஒரு பூட்டு நிச்சயம் போட வேண்டிய பூட்டுதான்.

பத்து சிஸ்டம் வைத்திருப்பவர்கள்

டொமைனும் இல்லை, சான்றிதழ் சர்வரும் இல்லை. மெயில் கூகுளிலோ மைக்ரோசாஃப்ட்டிலோ இருக்கிறது, கணக்கு டேலியில் இருக்கிறது. கொங்குப் பகுதியின் பெரும்பாலான சிறு நிறுவனங்களின் நிலை இதுதான். கரூர் தறிக்கூடமும் திருச்செங்கோடு ரிக் வண்டி ஆபீஸும் இதற்காக ஒரு சர்வர் வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்குச் செக்யூரிட்டி கீ என்று விற்கும் யூஎஸ்பி சாவி போதும். ஃபைடோ என்ற தரநிலையில் வேலை செய்வது. உள்ளே நடப்பது நாம் மேலே பார்த்த அதே சங்கதி: தனிச் சாவி வெளியே வராது, ஒவ்வொரு முறையும் புதுக் கையொப்பம்.

இதில் இன்னொரு பெரிய வசதி உண்டு. எந்த இணையதளத்துக்காகச் சாவி உருவானதோ அந்த முகவரியோடு அது கட்டப்பட்டிருக்கும். 'மெயில் பெட்டி நிரம்பிவிட்டது' என்று வரும் போலிப் பக்கம், பார்வைக்கு அச்சு அசலாக இருந்தாலும், அதன் முகவரி வேறு. மெர்ச்சண்டைசர் ஏமாந்தாலும் சாவி ஏமாறாது. கூகுள் தன் 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு 2017 தொடக்கத்தில் இதைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகு வேலைக் கணக்கு ஒன்றுகூட இப்படிப் போலிப் பக்கத்தில் பறிபோனதாகத் தெரியவரவில்லை என்று 2018ல் அந்த நிறுவனம் சொன்னது.

ஆனால் பையர் பக்கத்து மெயில் உடைக்கப்பட்டிருந்தாலோ, உங்கள் கம்பெனிப் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி வேறொரு முகவரியிலிருந்து மெயில் போனாலோ, உங்கள் சாவி அங்கே காவலுக்குப் போக முடியாது. வங்கிக் கணக்கு மாற்றம் என்று யார் எழுதினாலும் பழைய போன் நம்பரில் கூப்பிட்டுக் குரலில் உறுதி செய்த பிறகே பணம் நகர வேண்டும் என்று பையரிடம் முன்கூட்டியே எழுத்தில் பேசி வையுங்கள். அப்படியும் பணம் போய்விட்டால் முதல் வேலை வங்கி, அடுத்தது 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்.

எல்லோருக்கும் ஒரே நாளில் சாவி வாங்கிக் கொடுக்க முடியாவிட்டால் வரிசை இதுதான். மெயில் கணக்குகளை நிர்வகிக்கும் அட்மின் கணக்கு முதலில். அதைப் பிடித்தவன் மற்ற எல்லாக் கணக்கையும் பிடித்துவிடுவான். அடுத்து முதலாளி, வங்கி வேலை பார்ப்பவர், இன்வாய்ஸ் அனுப்பும் டாக்குமெண்டேஷன் ஆள், பையரோடு பேசும் மெர்ச்சண்டைசர்கள். மற்றவர்கள் அப்புறம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவியாகப் பதிவு செய்யுங்கள், ஒன்று கையில், ஒன்று ஆபீஸ் பெட்டகத்தில். பதிவு முடிந்ததும் கணக்கின் பாதுகாப்பு அமைப்புக்குள் போய், எஸ்எம்எஸ் ஓடிபி வழியாக உள்ளே வரும் பாதையை மூடிவிடுங்கள். அது திறந்திருக்கும் வரை, திருடன் சாவி கேட்கும் பக்கத்திலேயே 'வேறு வழியில் முயல்க' என்பதை அழுத்துவான்.